ஏழாம் பாடமும் பல் மாஸ்டரும்

என் அக்காவின் கணவர் பல் கட்டுகிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் முன்னறையில் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுத்து அனுப்புவார். பின்னறையில் உட்கார்ந்து, மெழுகும் பிளாஸ்டரும் ரோஜா நிறப் பொடியும் வைத்து, அந்த வாய்க்கு ஏற்ற பல் செட்டைச் செய்கிறவர் இவர். இருபத்தாறு வருடமாக ஒரே டாக்டர், ஒரே முக்காலி. ஊருக்கு அவர் ‘பல் மாஸ்டர்’. எனக்கு அத்தான்.

ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுத்தவர், தான் மட்டும் வாயில்லாப் பூச்சி. காய்கறிக்காரர் அழுகல் தக்காளியைத் தள்ளிவிட்டால், “பாவம், அவரும் யாருக்காவது விக்கணும்ல” என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். டாக்டரை எதிர்த்து நாக்கு மேலே பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. பின்னறையிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவையாவது “சரிதான் டாக்டர்” என்ற குரல் கேட்கும். கேள்வி என்னவென்று டாக்டர் முடிப்பதற்கு முன்பே சில சமயம் கேட்கும்.

பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் சோறு ஒட்டியிருக்கிறதோ என்று உதட்டைத் துடைத்துக்கொள்வார்கள். அவர் கட்டும் பற்கள் ஒரு சீராக இருக்காது. ஒன்றை மயிரிழை அளவு திருப்பி வைப்பார். ஒன்றின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். “வரிசையா பளபளன்னு வெச்சா வேலி மாதிரி இருக்கும் மாப்ள. வாய் மாதிரி இருக்காது” என்றார்.

அக்காவை அவருக்குச் சேர்த்து வைத்ததும் ஒரு பல் செட்தான். அக்காவுக்கு பஸ் டிப்போவில் வேலை. பயணிகள் மறந்துவிட்டுப் போகிற குடை, பை, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்து, உரியவர் வந்தால் எடுத்துக் கொடுக்கும் கவுண்டர். ஒரு நாள் கைக்குட்டையில் சுற்றிய பல் செட் வந்தது. மூன்று நாளாகியும் யாரும் தேடி வரவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். இவள் அதை எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனாள். அத்தான் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, “இது தபால் ஆபீஸ் தெருவுல இருக்கிற ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரோடது. இடப்பக்கமா மெல்லுவாரு” என்றார். பிறகு இவள் வாயைப் பார்த்து, “உங்களுக்கு மேல்வரிசையில ரெண்டாவது பல் லேசா திரும்பியிருக்கு. யாராவது நேராக்கித் தரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க” என்றார். ஒரு பெண்ணிடம் அவர் தானாகப் பேசிய முதல் இரண்டு வாக்கியம் அவைதான் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

நான் எலக்ட்ரீஷியன். அவர்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். சாப்பாடு கீழே அவர்களோடு. அதனால்தான் இந்தக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல முடிகிறது.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயதில் மேற்பார்வையாளர் வேலை வருவதாக இருந்தது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். அவள் பத்தாவதோடு நின்றவள். தபால் வழியில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரடி வகுப்பு. மற்ற நாட்களில் காலை ஐந்தரைக்கு எழுந்து, ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பாடம். அத்தான் வெங்காயம் உரித்துக்கொண்டே புத்தகத்தைப் பிடித்து, அவள் ஒப்பிப்பதைச் சரிபார்ப்பார். கணக்கு ஓடியது. வரலாறு ஓடியது. உரைநடைப் புத்தகத்தில் ஏழாம் பாடத்தில் வந்து வண்டி நின்றது.

அது ஏழைகளைப் பற்றிய பழைய காலத்து நையாண்டிக் கட்டுரை. தலைப்பு ‘சும்மா இருக்கும் பற்கள்’. அதில் ‘நான்’ என்று ஒரு கனவான் பேசுகிறார். நகரத்தில் ஏழைகள் பெருகிவிட்டார்கள், அவர்களைப் பார்த்து என் மனம் தினமும் உருகுகிறது என்று ஆரம்பிக்கிறார். ஏழைகள் குடிப்பது கஞ்சி. கஞ்சிக்குப் பல் தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு ஏழையின் வாயிலும் முப்பத்திரண்டு பற்கள் வேலையின்றிக் கிடக்கின்றன. மறுபுறம், இனிப்புத் தின்று பல்லிழந்த செல்வந்தர்கள் விருந்துகளில் மெல்ல முடியாமல் தவிக்கிறார்கள். இங்கே பிடுங்கி அங்கே பொருத்திவிட்டால் இருவர் குறையும் தீரும். பிடுங்கும் வலி ஒரு நாள்தான், பசியின் வலியோ ஆயுள் முழுவதும். எனவே ஏழைக்கு லாபம். பல் தேய்க்கும் நேரம் மிச்சமாகும். அந்த நேரத்திலும் உழைக்கலாம். பல்லில்லாதவர் திட்டினால் யாருக்கும் புரியாது, தெருக்கள் அமைதியாகும். இப்படிப் பதினோரு பக்கம், பணிவாக, பதறாமல், புள்ளிவிவரத்தோடு.

அத்தான் இதை முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டார்.

“யாரு இந்த ஆளு?”

“பழைய காலத்து எழுத்தாளருங்க.”

“இவன் ஒரு பல்லையாவது கையில தொட்டுப் பார்த்திருக்கானா? ஒருத்தர் வாயில புடுங்கின பல்லு இன்னொருத்தர் வாயில எப்படி ஒட்டும்? பல்லு போனா ஈறு சுருங்கும், தாடை இறங்கும், கன்னம் ஒட்டிப்போகும். முப்பது வயசுக்காரனுக்கு எழுபது வயசு மூஞ்சி வந்துடும். இதையெல்லாம் படிக்கிற புள்ளைங்க புத்தகத்துல போடலாமா?”

“அது நையாண்டிங்க.”

“நையாண்டின்னா சிரிப்பு வரணும்ல? எனக்கு வயிறு எரியுது.”

அக்கா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அத்தான் விடவில்லை. வாழ்நாளில் யாருக்கும் புகார் எழுதாத மனிதர், பாடநூல் அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். தாடையின் படம்கூடப் போட்டிருந்தார். பத்து நாளில், ‘தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது’ என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். “பார்த்தியா, பரிசீலிக்கிறாங்களாம்” என்று எனக்கு மூன்று தடவை காட்டினார். அந்த அட்டையை எல்லோருக்கும் அனுப்புவார்கள் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

அக்காவின் கஷ்டம் வேறு. கட்டுரையில் வரும் ‘நான்’ என்னென்ன வாதங்களை வைக்கிறார், அவற்றின் உள்நோக்கம் என்ன என்று விளக்க வேண்டும். பதினைந்து மதிப்பெண். தேர்வில் கட்டாயம் வரும் என்று ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சொல்லிவிட்டார். வாதங்களை அக்கா மனப்பாடம் செய்துவிட்டாள். உள்நோக்கம்தான் பிடிபடவில்லை.

“டீச்சர் எல்லாத்தையும் தலைகீழா திருப்பிப் படிங்கன்னு சொன்னாங்க. திருப்பினா ‘பல்லைப் புடுங்காதே’ன்னுதான் வருது. அதைச் சொல்லவா ஒரு மனுஷன் பதினோரு பக்கம் எழுதுவான்? அது ஒரு வரி. ஒரு வரிக்கு யாரு பதினஞ்சு மார்க் போடுவா?”

“நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாம்” என்றார் அத்தான்.

இப்படியே மூன்று வாரம். தினமும் காலையில் அந்தக் கனவானின் வாதங்கள் அடுப்பங்கரையில் ஒலித்தன. அக்காவுக்கு மனப்பாடம் ஆனதோ இல்லையோ, அத்தானுக்கு ஆகிவிட்டது. எனக்கும்தான். குளிக்கும்போது ‘ஆகவே ஏழைக்கு லாபம்’ என்று வாய் தானாக முணுமுணுக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கிளினிக்கில் இலவச பல் செட் திட்டம் ஒன்று வந்தது. நகரத்து வியாபாரிகள் சங்கம் செலவை ஏற்றுக்கொண்டது. சந்தைக்குப் பின்னால் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர்கள், அறுபது தாண்டியவர்கள், நாற்பத்தெட்டு பேரை டாக்டர் தானே நடந்து போய்ப் பார்த்து அழைத்து வந்தார். டாக்டர் தங்கமான மனிதர். இதைச் சொல்லியே ஆக வேண்டும். காசில்லாதவரைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை. என் கடைவாய்ப் பல்லைக்கூட ஓசியில்தான் அடைத்தார்.

பின்னறையில் பாலிஷ் மோட்டார் நின்றுவிட்டது என்று அத்தான் ஆள் அனுப்பினார். நான் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தார். என்னைக் கவனிக்கவில்லை.

“மாஸ்டர், ஒரு சிக்கல். நாப்பத்தெட்டு பேருல முக்கால்வாசிப் பேருக்கு நாலஞ்சு சொந்தப் பல்லு நல்லா நிக்குது. ஒவ்வொருத்தருக்கும் இருக்கிற பல்லைச் சுத்தி, கம்பிக் கொக்கி போட்டுப் பாதி செட் செய்யணும். உங்களுக்கு எத்தனை மாசம் ஆகும்?”

“அஞ்சு ஆகும் டாக்டர்.”

“விழா ரெண்டு மாசத்துல. தேதி குறிச்சாச்சு. அதான் யோசிச்சேன். அந்த நாலஞ்சையும் எடுத்துட்டா எல்லாருக்கும் முழு செட். மூணு அளவு வெச்சுக்கிட்டா சரசரன்னு முடிஞ்சிடும்.”

அத்தான் மெழுகுக் கத்தியை வைக்கும் சத்தம் கேட்டது. “நல்ல பல்லு ஆச்சே டாக்டர். ஈறு ஆறணும். அவசரத்துல செஞ்சா செட்டு லூசாயிடும்.”

“லூசானா அப்புறம் சரி பண்ணிக்கலாம். நான் அவங்க நன்மைக்குத்தான் சொல்றேன், மாஸ்டர். அந்தப் பல்லெல்லாம் இன்னும் நாலஞ்சு வருஷத்துல எப்படியும் போகப்போகுது. இப்பவே எடுத்தா ஒரு நாள் வலியோட தீர்ந்துடும். அவங்களுக்குத் தினம் பல்லு விளக்க எங்க நேரம்? முழு செட்னா கழட்டித் தண்ணியில போட்டுடலாம். திரும்பத் திரும்ப இங்க வந்தா அத்தனை நாள் கூலியும் போகும். கணக்குப் பார்த்தா அவங்களுக்குத்தான் லாபம்.”

மேஜைக்கு அடியில் எனக்குச் சிலிர்த்தது. காலை ஐந்தரை மணிக் குரல்! ஒரு நாள் வலி, மிச்சமாகும் நேரம், ஏழைக்கு லாபம். வார்த்தைகூட அதிகம் மாறவில்லை.

அத்தான் வழக்கம்போல, “சரிதான் டாக்டர்” என்றார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

“மூணு அளவு எதுக்கு டாக்டர்? ஒரே அளவா செஞ்சிட்டா இன்னும் சீக்கிரம் ஆயிடும்.”

“அப்படியா? எல்லாருக்கும் பொருந்தணுமே…”

“கஞ்சி குடிக்கிறவங்களுக்குப் பொருந்தி என்ன ஆகப்போகுது? வாயில நின்னா போதும்.” அத்தான் குரலில் கிண்டல் இல்லை. சிமெண்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மேஸ்திரி சொல்வது போலத்தான் இருந்தது. “அப்புறம், நாப்பத்தெட்டு செட்டு எதுக்கு? ஒரு வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருந்தா ஒரு செட்டு போதும். முறை வெச்சுப் போட்டுக்கலாம். அவரு வேலைக்குப் போனா அவங்க போட்டுக்கட்டும். சங்கத்துக்கும் மிச்சம்.”

டாக்டர், “ம்…” என்றார். அந்த ‘ம்’ பாதியில் நின்றுவிட்டது.

“விழாவுல போட்டோ எடுத்து முடிஞ்சதும் எல்லாத்தையும் திரும்ப வாங்கி வெச்சுக்கிட்டா, அடுத்த வருஷ விழாவுக்கும் ஆகும். அவங்களுக்குப் பழைய மாதிரி கஞ்சிதானே. பழக்கம் மாறினாத்தான் கஷ்டம் டாக்டர்.”

டாக்டர் கையிலிருந்த தாள் மடங்கும் சத்தம் கேட்டது.

“மாஸ்டர், என்ன பேசுறீங்க நீங்க?”

“நீங்க பேசினதுதான் டாக்டர். அதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன்.”

டாக்டரின் காலணிகள் என் முகத்துக்கு ஓரடி தூரத்தில் அசையாமல் நின்றன. பிறகு திரும்பி, முன்னறைக்குப் போய்விட்டன. நான் வெளியே தவழ்ந்து வந்தபோது அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. “மாப்ள, நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார். ஒரு ஸ்க்ரூ எங்கே போனதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. விழுங்கவில்லை என்று நம்புகிறேன்.

சாயங்காலம் அக்காவிடம் நடந்ததைச் சொன்னோம். அத்தான் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. “இருபத்தாறு வருஷம். ஒரு நாள்ல கெடுத்துக்கிட்டேன்” என்றார்.

“கேலி பண்ணீங்களா அவரை?”

“சத்தியமா இல்ல. அவரு சொன்னதுல எது தப்புன்னு எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியல. ஒண்ணொண்ணா பார்த்தா எல்லாம் நியாயமாத்தான் இருந்தது. அதான், இந்த நியாயம் எதுவரைக்கும் போகுதுன்னு கூடவே நடந்து பார்த்தேன். அது போய் நின்ன இடம் எனக்கே பயமாயிடுச்சு.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “டாக்டர் என்னென்ன சொன்னாரு? மறுபடி வரிசையா சொல்லுங்க.”

அவர் சொல்லச் சொல்ல அவள் விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். பிறகு பாடப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே விரித்தாள்.

“டாக்டர் பல்லைப் பத்தி யோசிச்சாரு, வலியைப் பத்தி, கூலியைப் பத்தி யோசிச்சாரு. ஒண்ணை மட்டும் தொடவே இல்ல, கவனிச்சீங்களா? விழாத் தேதி. தேதியைத் தள்ளி வெச்சா ஒரு பல்லும் புடுங்க வேணாம். ஆனா தேதி அசையாது, பல்லுதான் அசையணும்.” பக்கத்தைத் தட்டினாள். “இந்தக் கனவானும் அதையேதான் செய்றாரு. எல்லாத்துக்கும் கணக்குப் போடுறாரு. ‘ஏழைங்க கஞ்சி மட்டும் குடிக்கிறாங்க’ன்னு முதல் பக்கத்துல சொல்லிட்டு, ஏன் கஞ்சி மட்டும்னு பதினோரு பக்கத்துல ஒரு இடத்துலகூட கேக்கல. அதைக் கேட்டுட்டா மீதி எதுவும் தேவைப்படாது.”

“அப்போ எழுதினவரு?”

“எழுதினவரு வேற, இந்த ‘நான்’ வேற. எழுதினவரு உங்களை மாதிரி. கூடவே நடந்து கடைசிவரைக்கும் கூட்டிட்டுப் போறாரு. வழியில எந்த இடத்துல நமக்கு உறைக்குதுன்னு பார்க்கிறாரு.”

“அந்த ‘நான்’ கெட்டவன் இல்லையா?”

“நம்ம டாக்டர் கெட்டவரா?”

அத்தான் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “கெட்டவனா இருந்தா சுலபமா இருந்திருக்கும்” என்றார். பிறகு, “அதை எழுதின மனுஷனைப் பத்திப் போய் அப்படி ஒரு கடுதாசி போட்டேனே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு. இந்த முறை அவரும் சிரித்தார், சாப்பிடவும் செய்தார்.

மறுநாள் டாக்டர் பின்னறைக்கு வரவே இல்லை. அச்சுகளை நர்ஸ்தான் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் வந்து, அத்தானின் முக்காலிக்கு எதிரே கிடந்த பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்தார். கால்சட்டையெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

“அஞ்சு மாசம்னு சொன்னீங்கல்ல?”

“ஆறுகூட ஆகலாம் டாக்டர்.”

“சங்கத்துல பேசிட்டேன். கத்தினாங்க. கத்தட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “அது தப்புன்னு எனக்கு எப்படித் தோணாம போச்சுன்னே தெரியல, மாஸ்டர். அவ்வளவு சரியா இருந்தது.”

“எனக்கும் சரின்னுதான் பட்டது டாக்டர்” என்றார் அத்தான்.

விழா, குறித்த தேதியில்தான் நடந்தது. பந்தல் போட்டாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். ஆனால் அன்றைக்குச் செட் தயாராகியிருந்தது பதினோரு பேருக்குத்தான். மற்றவர்கள் பொக்கையும் ஓட்டையுமாக வரிசையில் நின்று சிரித்தார்கள். புகைப்படக்காரர் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. சங்கத் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டே நிமிடம் பேசிவிட்டு இறங்கிவிட்டார்.

ஆறு என்று சொன்ன மாதம் ஏழானது. அத்தானுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கண்ணாடியின் பவர் கூடியது. ஒன்று மட்டும் மாறியது. டாக்டர் புதிதாக எதையாவது யோசித்தால் பின்னறை வாசலில் வந்து நின்று, “மாஸ்டர், இதைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்க” என்பார். அத்தானும் நீட்டிப் பார்ப்பார். சில யோசனைகள் அரையடி நீட்டுவதற்குள் முறிந்துவிடும். சில, எவ்வளவு நீட்டினாலும் தாங்கும். தாங்குவதைச் செய்வார்கள்.

அக்கா தேர்வு எழுதினாள். அந்தக் கேள்வியும் வந்தது. ஆனால் அதற்கே ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு ஆறு பக்கம் எழுதியதில், கடைசிக் கேள்வி இரண்டுக்கு நேரமில்லாமல் போயிற்று. அறுபத்து மூன்று மதிப்பெண். மேற்பார்வையாளர் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. “ரெண்டு கேள்வியை விட்டுட்டியே” என்று நான் கேட்டதற்கு, “அதை எழுத ஆரம்பிச்சப்புறம் நிறுத்த மனசு வரலடா” என்றாள்.

நாற்பத்தெட்டில் கடைசியாக வந்தவர் சந்தையில் மூட்டை தூக்கும் ஓர் அம்மா. முன்வரிசையில் ஐந்து சொந்தப் பல். நடுவில் இரண்டுக்கும் இடையே நல்ல சந்து. செட்டைப் போட்டுப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“என்னப்பா, பல்லு இடுக்கை அடைச்சிட்டியே?”

“பார்க்க நல்லா இருக்கும்னுதான் லேசா அடைச்சேன்மா.”

“அதுல விசிலடிச்சுத்தான் நான் கைவண்டியைக் கூப்பிடுறேன். நாப்பது வருஷமா அந்த விசிலுக்குத்தான் வண்டி வரும்.”

அத்தான் செட்டை வாங்கிக்கொண்டு போய், மறுபடியும் மெழுகு வைத்து, அந்த இடத்தை மட்டும் திறந்து விட்டார். இரண்டு தடவை அந்த அம்மா போட்டு ஊதிப் பார்த்தார், காற்றுதான் வந்தது. அத்தான் இன்னும் ஓர் இழை தேய்த்தார். மூன்றாம் தடவை ஊதியபோது முன்னறையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திடுக்கிட்டு எழுந்து நின்றார்கள். கிளினிக் வாசலில் ஒரு கைவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, “எத்தனை மூட்டைக்கா?” என்று கேட்டார்.